இரண்டு மதமும் ஒத்துக்கொண்ட பின்னேரம்

திங்கட்கிழமை முதல் என் மேசையில் உட்காரப்போகும் உங்கள் இருவருக்கும் இதை எழுதுகிறேன். இப்படியெல்லாம் எழுதுகிறவர்கள் வழக்கமாக ஓய்வுபெற்றவர்கள், தலை நரைத்தவர்கள். எனக்கு இன்னும் முப்பதே ஆகவில்லை. சட்டம் படிக்க இடம் கிடைத்துவிட்டது, போகிறேன். ஆனாலும் கிறிஸ்தவ - முஸ்லிம் உரையாடல் என்ற இந்த விசித்திரமான வேலையில் போதுமான அளவு அலைந்துவிட்டேன். ஸ்கூட்டியில், மழையில், சில நாட்களில் ஹெல்மெட்டுக்குள் அழுதுகொண்டும். கூட்டம் எப்படிக் கூட்டுவது, அறிக்கை எப்படி எழுதுவது என்பதை அலுவலகத்தில் சொல்லித் தருவார்கள். அவர்கள் சொல்லித் தராத ஒன்று இருக்கிறது. அதை எனக்குச் சம்பவமாகத்தான் சொல்லத் தெரியும்.

ஆரையம்பதியைத் தாண்டி வாவிக்கரையோரம் ஒரு கத்தோலிக்கக் கிராமமும் ஒரு முஸ்லிம் கிராமமும் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கின்றன. உங்கள் முதல் வேலை அங்கேதான். நடுவில் ஒரு கிரவல் ரோட்டு மட்டும். தேவாலயங்களில் குண்டு வெடித்த அந்த உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு அந்த ரோட்டைக் கடந்து ஒருவர் வீட்டில் ஒருவர் தேத்தண்ணி குடிப்பதுகூட நின்றுபோயிருந்தது. அப்போதும் விடாமல் ஒரே தோணியில் தொழிலுக்குப் போனவர்கள் இரண்டு பேர். இந்தப் பக்கத்து அந்தோனி, அந்தப் பக்கத்து சலீம். கரையில் இருவருக்கும் பொதுவாக ஒரு வாடி இருந்தது. வலை வைக்க, மீன் தெரிக்க - அதாவது தரம் பிரிக்க - மழைக்கு ஒதுங்க ஓலையால் அடித்த ஒரு கொட்டில், அவ்வளவுதான்.

மாரி தொடங்கிய நேரம் இருவரும் போனார்கள். வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்துக்கு வெளியே தோணி கவிழ்ந்து கிடந்தது. ஆட்கள் கிடைக்கவில்லை. உடல்களும் கிடைக்கவில்லை.

சலீமின் வீட்டில் என்ன செய்வது என்பதற்கு ஒரு வழி இருந்தது. பள்ளிவாசல் பெரியவர்கள் விசாரித்து மௌத்து, இறந்துவிட்டார் என்று முடிவு சொன்னார்கள். உடல் இல்லாமலே ஜனாஸாத் தொழுகை நடந்தது. அவருடைய மனைவி ரஹ்மத், நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்கத் தொடங்கினார். கணவனை இழந்த முஸ்லிம் பெண் வெளியே போகாமல் வீட்டோடு இருக்கும் காலம் அது. அந்தோனியின் மனைவி ஸ்டெல்லாவுக்கு அப்படி ஒரு கணக்கு இல்லை. ஃபாதர் பூசை வைப்போமா என்று கேட்டபோது, "உடம்பு வராம எப்பிடி ஃபாதர்?" என்று சொல்லிவிட்டார். வெள்ளைச் சாரி கட்டினார், ஆனால் பூசை கேட்கவில்லை. நடுவில் நின்றார்.

ஸ்டெல்லா எங்கள் பெண்கள் குழுவில் மிகக் கெட்டிக்காரி. இயேசுவை முஸ்லிம்கள் ஈஸா நபி என்பார்கள்; அவரைப் பற்றிய அமர்வில் அவர் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லவே மௌலவி இரண்டு தடவை தண்ணீர் குடித்தார். சிலுவையில் இயேசு இறந்தார் என்பது கிறிஸ்தவர்களான எங்கள் நம்பிக்கை. அவர் கொல்லப்படவில்லை, அவர்களுக்கு அப்படித் தோற்றமளிக்கப்பட்டது, இறைவன் அவரை உயர்த்திக்கொண்டான் என்பது முஸ்லிம்களுடைய நம்பிக்கை. "அப்ப ஆணி அடிச்சது ஆருக்கு?" என்று ஸ்டெல்லா விடாமல் பிடித்துக்கொண்டார். என்னோடு வேலை செய்த ஃபரீனா என் காதுக்குள், "ஜெனி, இந்த அக்காவ நம்மட சம்பளத்துக்கு எடுப்பமா? நான் ஊட்ட போய்த் தூங்குறன்" என்றாள்.

இனி அந்தப் பின்னேரத்துக்கு வருகிறேன்.

அமர்வின் தலைப்பு மரணத்துக்குப் பிறகு என்ன என்பது. பொதுமண்டபத்தில் வெள்ளைப் பலகை. இடது பக்கம் வேறுபாடுகள், வலது பக்கம் ஒற்றுமைகள். எங்கள் தொழிலில் வலது பக்கம் நிரம்பினால் சந்தோஷம், இடது பக்கம் நிரம்பினால் அறிக்கை எழுதுவது கஷ்டம். அன்று இடது பக்கம்தான் ஓடிக்கொண்டிருந்தது. இறந்த ஆன்மாக்கள் தூய்மையாகும் உத்தரிக்கிற ஸ்தலம் உண்டு என்றார் ஃபாதர். மெதடிஸ்ட்காரியான நான் அதை நம்புவதில்லை என்பதால் பலகையில் எழுதும்போது என் கை கொஞ்சம் கோணியது. கப்றில், அதாவது புதைகுழியில், வானவர்கள் வந்து கேள்வி கேட்பார்கள் என்றார் மௌலவி. இறுதிநாள்வரை பர்ஸக் என்ற திரைக்குப் பின்னால்தான் ஆன்மாக்கள் இருக்கும் என்றும் சொன்னார்.

அப்போது ஸ்டெல்லா எழுந்தார்.

"செத்தவங்க திரும்பி வந்து வாசல்ல தட்டுவாங்களா?"

ஃபாதர் உடனே தலையாட்டினார். "இல்ல மகள். ஆன்மா கடவுள்ட கையில. நாம செபிக்கலாம். அது வந்து கதவு தட்டாது."

மௌலவிக்கு முகம் மலர்ந்தது. "அதேதான். மௌத்தானவங்க திரும்பி வாற இல்ல. இதுல நமக்குள்ள வித்தியாசமே இல்ல." பிறகு ஏதோ நினைத்தவராக, "அப்பிடித் தட்டுது எண்டா அது வேற படைப்பு..." என்று தொடங்கினார். ஃபாதர் கதிரையில் அசைந்தார். கண்ணுக்குப் புலப்படாத அந்த ஜின்களைப் பற்றிப் பேச்சுத் தொடங்கினால் பொழுது சாயும்வரை முடியாது என்பது எங்களுக்குத் தெரியும். மௌலவி தானாகவே நிறுத்திக்கொண்டார். நான் வலது பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதினேன், ஃபரீனா கை தட்டினாள், மண்டபமே தட்டியது. இறந்தவர்கள் திரும்பி வருவதில்லை. இரண்டு மதமும் ஒத்துக்கொண்ட அந்த வரிக்கு முன்னால் நின்று எல்லோரும் படம் எடுத்தோம். படத்தில் ஸ்டெல்லாவும் இருக்கிறார். அவரைப்போல அன்று யாரும் சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் நான் போனபோது ஸ்டெல்லா சிவப்புச் சாரியில் வாசலில் நின்றார். கழுத்தில் தாலி. அடுப்பில் மூன்று பேருக்குச் சோறு. அவரும் பத்து வயது மகள் ஷாலினியும் மட்டும்தான் அந்த வீட்டில்.

"வாங்க மிஸ். என்ர மனிசன் உயிரோட இருக்கார்."

"ஆர் சொன்னது அக்கா?"

"நீங்கதானே."

 அவர் நிதானமாக, பாடம் ஒப்புவிக்கிற மாதிரிச் சொன்னார். பொழுது சாய்ந்து இருட்டும் மைம்மல் நேரங்களில் வாடிக்குப் போய் உட்காருகிறாராம். அந்தோனி தொழில் முடித்து வந்தால் தோணி தள்ளும் கம்பை வாசல் கல்லில் தட்டிச் சேறு உதிர்ப்பாராம். அந்தச் சத்தம் கேட்கிறதாம். இவ்வளவு நாளும் ஆவிதான் வருகிறது என்று பயந்திருந்தாராம். "இப்ப பயமில்ல. செத்தவங்க வந்து தட்டமாட்டாங்க. ஃபாதரும் சொல்லிட்டார், மௌலவியும் சொல்லிட்டார். அப்ப தட்டுறது உயிரோட இருக்கிற ஆள்தானே?"

அன்று மைம்மலில் நானும் வாடிக்குப் போனேன். படித்தவள், எதற்கும் காரணம் கண்டுபிடித்துவிடலாம் என்ற எண்ணம். காற்று இல்லை. வாவி எண்ணெய் ஊற்றியது போல அசையாமல் கிடந்தது. தோணி அங்கே இல்லை, கம்பும் இல்லை. அவை கடலோடு போனவைதான். தூரத்துப் பள்ளிவாசலில் பாங்கு சொல்லி முடிந்தது. அதற்குப் பிறகு, ஓலைத் தட்டிக்கு வெளியே, வாசல் கல்லில்:

டொக், டொக்.

கொஞ்சம் இடைவெளி.

டொக்.

ஸ்டெல்லா என்னைப் பார்த்து, பிள்ளை நடக்கத் தொடங்கியதைக் காட்டுகிற தாய் மாதிரிச் சிரித்தார். நான் வெளியே ஓடிப்போய்ப் பார்த்தேன். யாருமில்லை. கல்லின் விளிம்பில் வாவியின் கறுப்புச் சேறு கொஞ்சம் ஒட்டியிருந்தது. பகலில் யாராவது மிதித்துவிட்டுப் போயிருக்கலாம். தொட்டேன். ஈரமாக இருந்தது.

"ஏன் உள்ள வரமாட்டேங்கிறார் எண்டு யோசிச்சனான் மிஸ்" என்றார் ஸ்டெல்லா எனக்குப் பின்னால். "அவருக்கு வழி பிடிபடல்ல. நான் போய்க் கூட்டிட்டு வரோணும். செட்டிபாளையத்து அண்ணன் ஒராள் நாளையிண்டைக்கு விடியத் தோணி தாறன் எண்டவர். ஷாலினியையும் கூட்டிப் போறன். மகள்ர குரலக் கேட்டா வந்திருவார்."

முகத்துவாரத்தை அப்போது இன்னும் மணல் மூடவில்லை. கடலுக்குள் இழுக்கிற இழுவை அங்கே பெரிய இயந்திரப் படகையே திருப்பிவிடும். ஒரு சின்னத் தோணி, கடலில் இறங்கியே பழகாத ஒரு பெண், ஒரு பிள்ளை. எனக்கு இருந்தது ஒரு நாள்.

ஃபாதருக்குப் போன் எடுத்தேன். அவர் ஸ்டெல்லாவோடு தொலைபேசியில் பேசினார். கொஞ்ச நேரத்தில் திரும்ப எனக்கு எடுத்தார். குரல் களைத்திருந்தது. "பிள்ள, அவ என்னட்ட என்ன கேட்டா தெரியுமா? உடல் இல்லாத கல்லறையத்தானே ஃபாதர் நாம வருசா வருசம் கொண்டாடுறம், பிறகு என்ர வீட்டில மட்டும் ஏன் உடம்பில்லாட்டி மரணம் எண்டுறீங்க எண்டு கேக்கிறா. நான் என்ன சொல்ல?"

மௌலவிக்கு எடுத்தேன். அவரிடமும் ஸ்டெல்லா பேசியிருந்தார். "மிஸ், ஈஸா நபி கொல்லப்படல்ல, சனங்களுக்கு அப்பிடித் தோணினது எண்டு நான் படிச்சுக் குடுத்தத எனக்கே திருப்பிச் சொல்றாங்க. தோணி கவிண்டத வெச்சு நீங்க எல்லாரும் செத்துட்டாரெண்டு நினைக்கிறீங்க, உங்களுக்கு அப்பிடித் தோணுது, அவ்வளவுதான் எண்டு சொல்றாங்க." பிறகு கேட்டார்: "அது ஜின் எண்டு வந்து சொல்லட்டா?"

ஃபாதரிடம் கேட்டேன். "ஜின் எண்டு ஒண்டு எங்கட விசுவாசத்தில இல்லயே பிள்ள. நான் பிசாசு எண்டுவன், அவர் ஜின் எண்டுவார், அவ, ரெண்டு பேருக்கும் சண்டை எண்டு சொல்லிப்போட்டுத் தோணியில ஏறுவா."

பாருங்கள், நாங்கள் செய்து வைத்த வேலையை. ஸ்டெல்லாவுடைய வேதத்திலிருந்து ஒரு நம்பிக்கை, அடுத்த வேதத்திலிருந்து ஒரு நம்பிக்கை, இரண்டையும் ஒட்டுவதற்குப் பலகையில் எங்கள் பெரிய எழுத்து. நம் தொழிலில் பழகியவர்கள் மட்டுமே இப்படி ஒரு பொறியைக் கட்ட முடியும்.

பொலிசுக்குச் சொல்லலாமா என்று யோசித்தேன். ஒரு நாள் தடுப்பார்கள், அடுத்த நாள் போவார். ஃபரீனாதான் சொன்னாள்: "ரஹ்மத் ராத்தாட இத்தா முந்தநாள் முடிஞ்சிட்டு. அவங்கள ஒருக்கா அங்க கூட்டிட்டுப் போய்ப் பாரன்." அக்காவை அவர்கள் பக்கம் ராத்தா என்பார்கள், அண்ணனை நானா என்பார்கள்.

"அவங்க கூட்டத்துக்கே வரல்லயே. நாம பேசினது ஒண்டும் தெரியாதே?"

"அதனாலதான் சொல்றன்" என்றாள்.

மறுநாள் பின்னேரம் ரஹ்மத்தை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். நான்கு மாதத்துக்குப் பிறகு வெளிச்சத்தைப் பார்க்கிறவர். கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தார். "ரோட்டுக்குக் கிரவல் போட்டிரிக்காங்களா? என்னத்த போட்டானுகள், குண்டும் குழியுமாத்தானே கிடக்கு" என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டு வந்தார். ஸ்டெல்லா ஏற்கெனவே வாடியில் இருந்தார். விடிந்ததும் தோணி வந்துவிடும். இரவு இங்கேயே தங்கப்போவதாகச் சொன்னார். ஷாலினியைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தார்.

இரண்டு பெண்களும் கட்டிப்பிடித்து அழுதார்கள். பிறகு கவிழ்த்து வைத்த கூடைகளில் உட்கார்ந்தார்கள். ரஹ்மத் சிவப்புச் சாரியைப் பார்த்தார். 

பாங்கு சொல்லி முடிந்தது. வாவி அசையவில்லை.

டொக், டொக். பிறகு, டொக்.

ரஹ்மத் தன்னை மறந்து வாசலைப் பார்த்துச் சத்தம் போட்டார். "எத்தின தடவ சொல்லிரிக்கன், வாசல்ல தட்டாதீங்க, சேறு தெறிக்கிது எண்டு!"

சொன்ன வாயை அப்படியே கையால் பொத்திக்கொண்டார். பிறகு உதடு மட்டும் அசைய, இறைவனிடம் பாதுகாவல் தேடி ஓதினார்.

ஸ்டெல்லா மெதுவாகக் கேட்டார். "ஆருக்குச் சொன்னீங்க ராத்தா?"

"இது சலீம்ட தட்டு புள்ள. குடையத் தட்டினாலும் இப்பிடித்தான், மண்வெட்டியத் தட்டினாலும் இப்பிடித்தான். ரெண்டு, நிப்பாட்டி ஒண்டு. ஒங்கட அந்தோனி தட்டி நான் கண்டதே இல்ல. அவரு கம்பத் தண்ணிக்குள்ளயே அலசிட்டுத்தான் கரையேறுவாரு."

ஸ்டெல்லாவின் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். தோணி கரைசேர்ந்த அந்த நாட்களிலும் அவர் எப்போதும் வாடிக்கு உள்ளே இருந்துதான் அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறார். வலையைத் தட்டி மீன் தெரிக்க ஆயத்தமாக. வெளியே யார் தட்டினார்கள் என்று பார்த்ததே இல்லை.

"அப்ப அது சலீம் நானாவா?"

"இல்ல." ரஹ்மத்தின் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. "சலீம் மௌத்து. அவருக்காக நான் இத்தா இருந்து எழும்பிட்டன். இது அவர்ர தட்டப் பழகி வெச்சிரிக்கிற ஒண்டு."

 அந்த நேரத்தில் என் வாய்க்குள் ஒரு வசனம் தயாராக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு சமயங்களின் பார்வையிலும் என்று தொடங்குகிற வசனம். விழுங்கினேன். இந்த வேலையில் நான் பேசாமல் இருந்த நேரங்களில் அதுதான் உருப்படியானது. உங்களுக்கும் அந்த வசனம் வரும், எந்த நெருக்கடியிலும் முதலில் அதுதான் வரும். எதிரில் இருக்கிற இரண்டு பேர் ஒரே சத்தத்தை இரண்டு விதமாகக் கேட்டுக்கொண்டிருக்கும்போது அதை ஒன்றாக்கித் தர அவசரப்படாதீர்கள்.

ஸ்டெல்லா எழுந்தார். "எதுவா இருந்தாலும் இருக்கட்டும் ராத்தா. ரெண்டு பேரும் ஒண்டாப் போனவங்க. அதுக்குத் தெரிஞ்சிருக்கும். என்ர மனிசன் எங்க எண்டு அதிட்டக் கேளுங்க."

"கேக்கக் கூடாது."

"உங்கட மார்க்கத்தில கூடாது. நான் கேக்கிறன்."

"ஒங்கட ஃபாதரும் கூடாதெண்டுதான் சொல்லுவாரு."

"ஃபாதர் இங்க இல்லயே." ஸ்டெல்லா வாசலின் ஓலைத் தட்டியில் கை வைத்துவிட்டார். அந்தப் பக்கம் எந்தச் சத்தமும் இல்லை. தட்டல் நின்றிருந்தது. பூச்சிகள் கூட நின்றிருந்தன. வாசலில் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து நிற்பது போல இருந்தது.

ரஹ்மத் கூடையிலிருந்து அசையவில்லை.

"புள்ள, நீ கேட்டா பதில் வரும். எனக்கு அதுதான் பயம்."

ஸ்டெல்லா திரும்பினார்.

"அந்தோனிட குரல்லதான் வரும். நல்லாத்தான் கதைக்கும். நாளைக்கும் கதைக்கும். அதுக்குப் பிறகு ஒனக்கு ரெண்டு குரல் இரிக்கும். எது அவரு, எது இது எண்டு ஒனக்கே தெரியாமப் போயிரும். இப்ப ஒன்ட நெஞ்சுக்குள்ள இரிக்கிறது ஒண்டே ஒண்டு. அது அவர்ர சொந்தக் குரல். அத இதுக்குக் குடுத்திராத."

ஸ்டெல்லா தட்டியிலிருந்து கையை எடுக்க நேரமானது. வெளியே இருந்ததும் அவசரப்படவில்லை. கடைசியில் அவர் வாசலுக்கு முதுகைக் காட்டி, உள்ளே வலை கிடந்த மணலில் முழங்காலில் நின்றார். இறந்தவர்களுக்கான செபத்தைத் தொடங்கினார். அத்தனை நாளும் பெயர் இல்லாமல் சொல்லி வந்த செபம். அன்று அந்தோனி என்ற பெயரை வைத்துச் சொன்னார். அந்தப் பெயர் வந்த இடத்தில் குரல் உடைந்தது. திரும்ப எடுத்தார், முடித்தார். சலீம் என்றும் சேர்க்கப் போனார்.

"அவருக்கு வேணாம் புள்ள" என்றார் ரஹ்மத், மூக்கைத் துடைத்தபடி. "அவருக்கு நாங்க ஓதிட்டம். நீ ஒன்ட ஆளுக்கு வடிவாச் சொல்லு."

அழுகைக்கு நடுவில் ஸ்டெல்லாவுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கும் வந்தது.

வாடியை விட்டு வெளியே வந்தபோது வாசல் கல்லை நாங்கள் யாரும் பார்க்கவில்லை. ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு மூவரும் கிரவல் ரோட்டில் நடந்தோம். பாதி வழியில் ஸ்டெல்லா நின்று, இடுப்பிலிருந்து போனை எடுத்து, செட்டிபாளையத்து ஆளுக்கு எடுத்தார். ரோட்டில் வேறு சத்தம் இல்லாததால் அந்த மனிதர் பேசியதும் எங்களுக்குக் கேட்டது.

"அண்ணன், நாளைக்குத் தோணி வேணாம்."

"ஏன் புள்ள? நாளையிண்டைக்குக் கொண்டு வரட்டா?"

"இல்ல அண்ணன், இனி வேணாம். என்ர மனிசன் மோசம் போயிட்டார்."

 அந்தோனி இறந்தது மாரி தொடங்கியதிலிருந்து வாவிக்கரை முழுவதற்கும் தெரிந்த செய்தி. ஆனாலும் அந்த மனிதர், அப்போதுதான் கேள்விப்படுகிறவர் மாதிரி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"எப்ப புள்ள?"

"இப்பதான் அண்ணன்" என்றார் ஸ்டெல்லா.